காணவில்லை: சிலுவைதாசன்

இந்தக் கதையில் பேய் கிடையாது. ஆனால் செத்துப்போன ஒருவன் ஏழு மாதமாக வீட்டை விட்டுப் போகாமல் இருந்தான். அவனை அனுப்பிவைக்க மூன்று பேர் மூன்று வழி சொன்னார்கள். யார் எதைச் சொன்னார்கள் என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் உங்களைத்தான் கேட்பேன்.

குமரிக் கடற்கரையில் ஓர் ஊர். புயலில் சிலுவைதாசனின் வள்ளம் கவிழ்ந்தது. பங்குக் கோயிலின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆல்பின் அன்றே ஒரு பக்கம் போட்டான். ‘காணவில்லை: சிலுவைதாசன்’ என்று தலைப்பு. பதினோராம் நாள் உடல் ஒதுங்கியது. முகம் பார்க்கும் நிலையில் இல்லாததால் பெட்டியைத் திறக்காமலே அடக்கம் செய்தார்கள்.

தாய் வியாகுலமேரி அதை நம்பவில்லை. எழுத்து தெரியாதவள், ஆனால் கைபேசியிடம் வாயால் கேட்கப் பழகியிருந்தாள். தினமும் சாயங்காலம் மகன் பேரைச் சொல்வாள். அதுவும் தேடுபொறியில் கிடைத்த அந்தப் பக்கத்தின் தலைப்பை, ஏற்ற இறக்கமில்லாத குரலில், “காணவில்லை: சிலுவைதாசன்” என்று வாசிக்கும்.

“கேட்டியா மக்களே, காணலன்னுதான் சொல்லுது. செத்துட்டான்னு சொல்லல்ல,” என்பாள் மருமகள் மெர்லினிடம். வாசல் கதவைத் தாழ் போட விடமாட்டாள். மகன் வந்து தட்டிக்கொண்டு நிற்கக் கூடாதாம். புருஷனை நினைத்து வாய்விட்டு அழக்கூட மெர்லினுக்கு அந்த வீட்டில் வழியில்லை. காற்றில் கதவு அசையும்போதெல்லாம் இப்போது அவளும் திரும்பிப் பார்த்தாள். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

கைபேசி அப்படிச் சொல்வதை நிறுத்த வேண்டும் என்று மெர்லின் ஆல்பினிடம் போய் நின்றாள். அவன் ஒரே நாளில் மூன்று காரியம் செய்தான். ‘உடல் கிடைத்தது, அடக்கம் முடிந்தது’ என்று பக்கத்தை மாற்றி, ‘இதைத் தேடலில் காட்டாதே’ என்று தேடுபொறிக்கு ஒரு குறிப்பும் அதற்குள்ளேயே எழுதினான். “அது உள்ளயே வரக் கூடாது,” என்று மெர்லின் தேடுபொறியைப் பற்றிச் சொன்னதால், தளத்தின் வாசல் பலகை மாதிரி இருக்கும் ரோபோட்ஸ் கோப்பில், ‘இந்தப் பக்கத்துக்குள் நுழையாதே’ என்றும் ஒரு வரி சேர்த்தான்.

அந்தத் தேடுபொறி நம்மைப் போல எட்டிப் பார்க்கிற ரகம் அல்ல. நுழையாதே என்றால் வாசலோடு திரும்பிவிடும். யாராவது கேட்டால், கடைசியாகத் தெரிந்துகொண்டதைச் சொல்லும்.

அடக்கம் முடிந்து ஏழு மாதம் ஆயிற்று. கைபேசி இன்னும் ‘காணவில்லை’ என்றே சொன்னது.

“பக்கத்தையே அழிச்சிருவோம். வாசல் வரி அது பாட்டுக்கு இருக்கட்டு,” என்றான் ஆல்பின்.

“ஒண்ணும் செய்யாண்டாம், சாத்தியே கெடக்கட்டு. நாளானா அதுவே மறந்திரும்,” என்றாள் மெர்லின்.

நாகர்கோவிலில் இணையதள வேலை பார்க்கும் ஷீபா, சிலுவைதாசனின் தங்கை, வேறு மாதிரி சொன்னாள். “வாசல்ல போட்ட வரிய எடுத்திருங்க மைனி. உள்ள எழுதுனது அப்படியே இருக்கட்டு. அது ஒரு தடவ உள்ள வரட்டு.”

“உள்ள வந்தா பெறவு போவுமா?” என்று கேட்டாள் மெர்லின்.

நீங்கள் சொல்லுங்கள். அழிக்கச் சொன்ன ஆல்பின், சாத்தியே வைக்கச் சொன்ன மெர்லின், திறக்கச் சொன்ன ஷீபா, இவர்களில் யார் சொன்னது சரி?

விடை: ஷீபா சொன்னதுதான். உள்ளே எழுதியதை உள்ளே வந்தால்தானே படிக்க முடியும்? பக்கத்தை அழித்தாலும், சாத்தியே வைத்தாலும், வாசலோடு திரும்புகிறதற்கு உள்ளே நடந்தது எப்படித் தெரியும்? ஆல்பின் அந்த வரியை எடுத்தான். நாலாம் நாள் தேடுபொறி உள்ளே வந்தது, படித்தது, போயிற்று. அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் வியாகுலமேரி மகன் பேரைச் சொன்னாள். “அந்தப் பெயரில் எதுவும் இல்லை,” என்றது கைபேசி. “என்ன சொல்லுது?” என்று கேட்டாள். “இல்லன்னு சொல்லுது மாமி,” என்றாள் மெர்லின். கிழவி தானே எழுந்து போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். அதற்கப்புறம்தான் இருவரும் அழுதார்கள்.