கொம்பையா கண்ணை மூடினார்

ஊத்துப்பட்டிக்காரர்களிடம் எதைச் சொன்னாலும் சொன்னது சொன்னபடி செய்துவிடுவார்கள். சொன்னவர்தான் பிறகு தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும்.

அந்த ஊர்க் கொம்பையாவுக்கு ஒருநாள் நெஞ்சைப் பிடித்தது. வெறும் வாயுதான். மாத்திரை கொடுத்த மருந்துக்கடைக்காரர் நல்லெண்ணத்தோடு ஒரு வார்த்தை சொன்னார்.

"அண்ணாச்சி, எது எது எங்க இருக்குன்னு பிள்ளைககிட்டச் சொல்லி வையுங்க. உங்களுக்குப் பிறகு அதுக தேடி அலையக் கூடாது பாருங்க."

கொம்பையாவுக்குப் பிள்ளைகள் என்றால் உயிர். வீட்டுக்கு வந்ததும் மூன்று மகன்களையும் கூப்பிட்டுக் கட்டிலருகே உட்காரவைத்தார்.

"உப்பு அடுப்படியில இருக்கு. மாடு தொழுவத்துல இருக்கு. உங்க அம்மை அவ அண்ணன் வீட்டுல இருக்கா. நான் இந்தக் கட்டில்ல இருக்கேன்."

இப்படியே மத்தியானம்வரை சொன்னார். மகன்கள் பயபக்தியோடு தலையாட்டினார்கள். கடைசியில்தான் முக்கியமானது அவருக்கு ஞாபகம் வந்தது.

"வயக்காட்டுப் பத்திரம் டிரங்குப் பெட்டியில இருக்கு. நான் கண்ணை மூடினதும் பெட்டியைத் திறங்க. அத்தைக்குச் சொல்லி விடுங்க. ஆக வேண்டியதைப் பாருங்க. சண்டை மட்டும் போட்டுக்கிடாதீங்கல."

பேசிய களைப்பில் அப்படியே தூங்கிப்போனார்.

"அய்யா கண்ணை மூடிட்டாரு" என்றான் மூத்தவன் இசக்கி.

"குறட்டை விடுதாரே?" என்றான் இளையவன் மந்திரம்.

நடுவுளவன் பிச்சைக்கண்ணு வெகுநேரம் யோசித்தான். "குறட்டையைப் பத்தி அய்யா ஒண்ணும் சொல்லலையே."

அதுவும் நியாயம்தான். பெட்டியைத் திறந்தார்கள். அத்தைக்கு ஆள் விட்டார்கள். மூங்கில் வெட்டினார்கள்.

கொம்பையா விழித்தபோது தங்கை ஆவுடை மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். வாசலில் பாடை தயாராக இருந்தது.

"யாருக்கும்மா என்ன ஆச்சு?" என்று பதறினார்.

"உனக்குத்தாண்ணே!" என்று அவர் தோளிலேயே சாய்ந்து கதறினாள்.

"அய்யா கண்ணைத் திறந்துட்டாரு. பெட்டியை மூடிரட்டுமா?" என்று கேட்டான் மந்திரம்.

"மூடினதும் திறக்கச் சொன்னாரு. திறந்ததும் மூடச் சொல்லலையே" என்றான் பிச்சைக்கண்ணு.

கொம்பையா சுற்றிலும் பார்த்தார். பெட்டி திறந்திருந்தது. பத்திரம் பத்திரமாக இருந்தது. மூன்று பேரும் ஒரு சண்டை சச்சரவில்லாமல் ஒற்றுமையாக நின்றார்கள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்ட பிள்ளைகள் யாருக்கு வாய்க்கும்? இந்த நேரத்தில் குறுக்கே ஏதாவது சொல்லி அவர்கள் மனதை நோகடிக்க அவருக்கு மனம் வரவில்லை.

ஆனால் பாடை தூக்க நாலு பேர் வேண்டும். மகன்களோ மூன்று பேர். ஆவுடை புருசனுக்கு இடுப்புப் பிடிப்பு.

"இன்னொரு தோளுக்கு எங்க போக?" என்று இசக்கி கையைப் பிசைந்தான்.

பிள்ளை தவிப்பதைப் பெற்றவர் பார்த்துக்கொண்டிருப்பாரா? கொம்பையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். தலைமாட்டுப் பக்கம் தோள் கொடுத்தார். ஊர்வலம் புறப்பட்டது.

தெருமுனை தாண்டியதும் அவர் கவலையோடு மகன் பக்கம் திரும்பினார்.

"ஏல இசக்கி, கனமே தெரியலையேல. நான் ரொம்பத்தான் மெலிஞ்சுட்டேன் போல."