ஹெட்போனுக்குள் இன்னொரு சொரிமுத்து

மேலக்குளத்தில் புத்திசாலிகளே இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. நாலு பேர் இருந்தார்கள். அந்த நாலு பேரும் ஒரே பஜனைக் குழுவில் இருந்ததுதான் ஊருக்கு நேர்ந்த சங்கடம்.

சொரிமுத்து பாடுவான். தங்கப்பழம் ஆர்மோனியம் வாசிப்பான். வெயிலுகந்தான் ஜால்ரா. பலசரக்குக் கடை பூவலிங்கம் அண்ணாச்சி டோலக்கு அடிப்பதோடு, குழுவுக்காக யோசிக்கிற வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். வயதில் மூத்தவர், மறுக்க முடியவில்லை.

சொரிமுத்துவுக்கு முப்பத்தெட்டு வயதாகியும் கல்யாணம் கூடிவரவில்லை. பெண் பார்க்கப் போன வீட்டிலெல்லாம் காப்பி குடித்த கையோடு ஒரு பாட்டுப் பாடிவிடுவான். பதினோரு வீட்டுக்காரர்கள் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்துகொண்டார்கள். பன்னிரண்டாவது வீட்டுப் பெண் செண்பகவடிவு. பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். அவளைப் பார்த்ததும் சொரிமுத்துவுக்குப் பாட்டு மறந்துபோனது. அவனுக்கு அவளை அவ்வளவு பிடித்துவிட்டது. இவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் இனி எந்த வீட்டுக் காப்பியையும் தொடுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்துவிட்டான்.

செண்பகவடிவு யோசித்துப் பேசுகிறவள். "நீங்க பாடுவீங்கன்னு தரகர் சொன்னாரு. உங்க ஊர்க் கோயில் கொடைக்கு வாரேன், கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்றாள். வாசல் வரை வந்தவள் ஒரு யோசனையும் சொன்னாள். "ஹெட்போனை மாட்டிக்கிட்டு மைக்குல பாடிப் பழகுங்க. தப்பு இருந்தா காதுல விழும். அதை நிறுத்திட்டாப் போதும், பாட்டு தானா சரியாயிரும்."

கொடைக்குப் பதினெட்டு நாள் இருந்தது. மறுநாளே நாலு பேரும் தென்காசிக்குப் போய், மைக்கும் ஹெட்போனும் சேர்ந்த ஒரு செட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தார்கள். அண்ணாச்சி கடைக்குப் பின்னால் இருந்த மூட்டை அறையில் பயிற்சி தொடங்கியது. சொரிமுத்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சாமியை நினைத்து முதல் வரியை எடுத்தான். எடுத்த வேகத்திலேயே நிறுத்தினான்.

"உள்ள எவனோ பாடுதான் அண்ணாச்சி."

எப்படிப் பாடுகிறான் என்று அண்ணாச்சி கேட்டார். மூக்கால் பாடுகிறான், மேலே போக வேண்டிய இடத்தில் வழியிலேயே உட்கார்ந்துவிடுகிறான், மொத்தத்தில் கேட்கச் சகிக்கவில்லை என்றான் சொரிமுத்து. தங்கப்பழம் ஹெட்போனை வாங்கித் தன் காதில் வைத்துக்கொண்டு அவனைப் பாடச் சொன்னான். கண்ணை மூடி முழுப் பாட்டையும் கேட்டான்.

"நீதான் வே பாடுதே. எப்பவும் பாடுத மாதிரிதான் இருக்கு."

வெயிலுகந்தானும் கேட்டுவிட்டு அதையே சொன்னான். சொரிமுத்துவுக்கு ஒன்றும் புரியவில்லை. முப்பத்தெட்டு வருஷமாக அவன் கேட்டுவந்த குரல் வெண்கலக் குரல். இவன் மாட்டினால் ஒருத்தன், அவர்கள் மாட்டினால் இன்னொருத்தனா? அண்ணாச்சி தாடையைத் தடவினார். உள்ளே இருக்கிறவன் அடுத்தவர் முன்னால் அடக்கமாக இருந்துவிட்டு, சொரிமுத்து தனியாக மாட்டிக்கொண்டால் மட்டும் தன் புத்தியைக் காட்டுகிறான் என்று விளக்கினார். அப்படிப்பட்ட ஆட்களை வியாபாரத்தில் நிறையப் பார்த்திருக்கிறாராம்.

யாரென்று அவனிடமே கேட்டுவிடலாம் என்றான் வெயிலுகந்தான். சொரிமுத்து மைக்கில், "நீ யாரு வே?" என்றான். அவனும் நீ யாரு வே என்றான். முதலில் நம்மைச் சொல்வதுதான் மரியாதை என்று சொரிமுத்து தன் பெயரையும் ஊரையும் சொன்னான். பிறகு ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் கவலையோடு திரும்பினான்.

"அவன் பேரும் சொரிமுத்துதானாம். ஊரு மேலக்குளமாம்."

ஊரில் இன்னொரு சொரிமுத்து இருக்கத்தான் செய்தார். எண்பது வயது, ஆடு மேய்க்கிறவர், காது அறவே கேட்காது. நாலு பேரும் குளத்தங்கரைக்குப் போய், ஒரு பிள்ளையின் கல்யாணத்தைக் கெடுக்க வேண்டாம், கொடை முடியும் வரைக்கும் மட்டும் பாடாமல் இருங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். கிடாய் விலைக்குக் கேட்கிறார்கள் என்று நினைத்து, தர மாட்டேன் என்று அவர் தலையாட்டினார். பாடுவதை விட மாட்டேன் என்கிறாரே என்று இவர்கள் மனம் உடைந்து திரும்பினார்கள்.

அதன்பிறகு ஹெட்போனை ஒரு நாள் முழுக்கக் கொடியில் காயப் போட்டார்கள். எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார்கள். சூடு தாங்காமல் போய்விடுவான் என்று, மிளகாய் வற்றல் மூட்டைக்குள் இரண்டு நாள் புதைத்து வைத்தார்கள். எடுத்து மாட்டியதும் சொரிமுத்துவின் காது இரண்டும் பழுத்துப் போயின. எரிச்சலில் அவன் அலற, உள்ளே இருந்தவனும் அலறினான். அவனுக்கும் எரியத்தான் செய்கிறது, ஆனாலும் போக மனமில்லை என்று குறித்துக்கொண்டார்கள்.

சொரிமுத்து விடவில்லை. நடு வரியிலிருந்து திடீரென்று தொடங்கிப் பார்த்தான். அவனும் அங்கேயே தொடங்கினான். கடைசிச் சரணத்தை முதலில் பாடினான், அவனும் பாடினான். எத்தனை பாட்டுத் தெரிந்து வைத்திருக்கிறான் என்று வெயிலுகந்தானுக்கு அவன் மேல் மரியாதையே வந்துவிட்டது. ஒன்று மட்டும் உறுதியாகத் தெரிந்தது. சொரிமுத்து வாயை மூடினால் அவனும் மூடினான்.

கொடைக்கு இன்னும் பத்து நாள். சொரிமுத்து மிளகு மூட்டையில் சாய்ந்து, எனக்குக் கொடுத்து வைக்கவில்லை என்று கண் கலங்கினான். அப்போதுதான் அண்ணாச்சிக்கு யோசனை வந்தது.

"டீச்சர் என்ன சொன்னாங்க? தப்பை நிறுத்திட்டாப் போதும்னாங்க. தப்பாப் பாடுதது யாரு?"

"அவன்."

"அவன் எப்ப நிறுத்துதான்?"

"நான் நிறுத்துனா நிறுத்துதான்."

"அப்ப நீ என்ன செய்யணும்?"

சொரிமுத்து மெதுவாக எழுந்து உட்கார்ந்தான். "நான் பாடக் கூடாது."

"அதான்லே பயிற்சி."

பாடாமல் இருந்தால் செண்பகவடிவு எதைக் கேட்பாள் என்று அவனுக்கு ஒரு சின்னச் சந்தேகம் வந்தது. அண்ணாச்சி அதற்கும் பதில் வைத்திருந்தார்.

"தப்பே இல்லாத பாட்டை நாம இதுவரைக்கும் கேட்டிருக்கோமா? இல்லைல்லா. இப்படித்தான் இருக்கும் போல."

பத்து நாளும் சாதகம் கடுமையாக நடந்தது. ஆர்மோனியமும் டோலக்கும் ஜால்ராவும் ஒலிக்க, சொரிமுத்து வாயைத் திறந்து, கையை உயர்த்தி, புருவத்தை நெளித்து, சத்தம் மட்டும் வராமல் பாடினான். தொடக்கத்தில் ஓரிரு எழுத்து தப்பி வந்தது. உடனே உள்ளே இருந்தவனும் கூடச் சேர்ந்துகொண்டான். நாலாம் நாள் அவன் மூச்சு விடுவது கேட்டது. சொரிமுத்து மூச்சையும் அடக்கப் பழகினான். நேற்றுப் பாடாததைவிட இன்றைக்குப் பாடாதது நன்றாக இருக்கிறது என்று தங்கப்பழம் தினமும் தட்டிக்கொடுத்தான். எட்டாம் நாள், பாட்டு இவ்வளவு சுத்தமாக அமைந்து தன் காதால் கேட்டதே இல்லை என்று சொரிமுத்து தழுதழுத்தான்.

கொடை வந்தது. செண்பகவடிவு தன் அப்பாவோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சொரிமுத்து மேடை ஏறினான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அவளை ஒரு தடவை பார்த்துவிட்டு, முதல் பாட்டைத் தொடங்கினான். மைக்செட்டுக்காரர் பதறிப்போய் எல்லா வயரையும் பிடுங்கிச் சொருகினார். பின்வரிசைக்காரர்கள் முன்வரிசைக்குக் கேட்கிறது என்று நினைத்துப் பொறாமைப்பட்டார்கள். முன்வரிசைக்காரர்கள் பின்வரிசைக்குக் கேட்கிறது என்று நினைத்துச் சும்மா இருந்தார்கள். போன வருஷம் பாதியில் எழுந்து போன கூட்டம் இந்த வருஷம் ஐந்து பாட்டு முடியும் வரை அசையவில்லை. முடிந்ததும் கை தட்டினார்கள். இன்னொரு பாட்டு வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். தொண்டை கட்டிவிட்டது என்று சொரிமுத்து சைகையில் மன்னிப்புக் கேட்டான்.

செண்பகவடிவு மேடைக்குப் பக்கத்தில் வந்தாள். நாலு பேரும் கை கட்டி நின்றார்கள். சொரிமுத்து தரையைப் பார்த்தான். இந்த ஒரு பதிலுக்காக அவன் இத்தனை நாளாகச் சரியாக மூச்சுக்கூட விடவில்லை.

"எனக்குப் பிடிச்சிருக்கு. அப்பாகிட்டச் சொல்லிட்டேன்" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கினாள்.

"மூணாவது பாட்டுல மட்டும் சுருதி லேசா இறங்குச்சு."

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டீச்சர் என்றால் டீச்சர்தான். சொரிமுத்துவுக்கும் அந்த இடத்தில் ஒரு சந்தேகம் இருந்தது. வேறு யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தான். சரி பண்ணிவிடுகிறேன் என்று அவளிடம் வாக்குக் கொடுத்தான்.

அவர்கள் கிளம்பிப் போனதும் நாலு பேரும் மூட்டை அறையில் உட்கார்ந்து மூன்றாவது பாட்டை மறுபடி எடுத்தார்கள். பதினோராவது தடவையில்தான் சுருதி சேர்ந்தது.