சுத்தமான மேசை

“நான் ஒண்ணுமே செய்யல டீச்சர், அதுவா போயிட்டு.”

காலையிலிருந்து தேவசகாயம் இதை நான்கு முறை சொல்லிவிட்டார். மெஹருன்னிசா கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“தானா போக அதுக்கென்ன காலா இருக்கு அண்ணாச்சி?”

அவருக்கு அறுபத்தொன்று, அவளுக்கு முப்பத்து மூன்று. தபால் இலாகாவிலிருந்து ஓய்வு பெற்றபின் அவளிடம் கணினி கற்றுக்கொள்ள வந்தவர். பாளையங்கோட்டையில் ரத்தம் கொடுப்பவர்களின் பட்டியலை வைத்திருக்கும் இணையதளம் அவர் பொறுப்பு. அப்படியொரு சுத்தக்காரரைப் பார்க்க முடியாது. கீபோர்டைக்கூடப் பஞ்சு வைத்துத் துடைப்பார்.

இரண்டு பிழைகளை அவள் ஏற்கெனவே சொல்லிக் கொடுத்திருந்தாள். பெயர்கள் எல்லாம் இருக்கும் டேட்டாபேஸ் ஃபைல் திறக்கவில்லையா, அது இருக்கும் இடத்தையும் அனுமதியையும் பார். பூட்டியிருக்கிறதா, உள்ளே வேறு வேலை நடக்கிறது, காத்திரு. இன்று வந்தது மூன்றாவது: ஃபைல் சிதைந்துவிட்டது.

இன்றைக்கென்று பார்த்து ஆஸ்பத்திரியிலிருந்து போன். செல்லக்கனி என்ற பெண்ணுக்குச் சாயங்காலம் ஆபரேஷன். ஓ நெகட்டிவ் ரத்தம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டு முகாமில் அந்த வகைக்காரர் ஒருவர் பெயர் கொடுத்தது தேவசகாயத்துக்கு ஞாபகம் இருந்தது. பெயர் ஞாபகம் இல்லை.

கேட்கக் கேட்கத்தான் விஷயம் வெளியே வந்தது. முகாமில் எழுதி வாங்கிய நாற்பது சீட்டுகளையும் காலையில் ஏற்றிவிட்டு, சேமிக்கச் சொல்லி அழுத்திய கையோடு சீட்டுகளை எரித்திருக்கிறார். திரை சுற்றிக்கொண்டே இருக்க, பொறுமையில்லாமல் சுவிட்சை அணைத்திருக்கிறார். மறுபடி போட்டால், டேட்டாபேஸ் பக்கத்தில் அதே பெயரில், பின்னால் ஒரு சொல் வால் போல ஒட்டிய இன்னொரு ஃபைல். இவர் வைத்ததல்ல. அழித்துவிட்டார்.

“குப்பைன்னு நெனச்சேன்.”

“பாதி எழுதும்போது கரண்டு போனா பழையபடி திரும்பணும்லா. அதுக்காக டேட்டாபேஸே குறிச்சு வச்சிருந்த ஃபைல் அது.”

“குப்பை எது, வேண்டியது எதுன்னு பாத்த உடனே எப்படித் தெரியும் டீச்சர்?”

அவள் மேசையில் நாளிதழை விரித்தாள். அவருடைய பால்பாயிண்ட் பேனாவைத் திருகிப் பிரித்து, பாகங்களை ஒவ்வொன்றாக அதன்மேல் பரப்பினாள். பிறகு, சிதைந்த ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டு, கிடைத்த பெயர்களை மீட்கப் பக்கத்து அறைக்குப் போனாள்.

திரும்பி வர அரை மணி நேரம் ஆனது. பழைய பெயர்கள் வந்துவிட்டன. அதில் ஓ நெகட்டிவ் மூன்று பேர். இரண்டு பேர் இப்போது வெளியூரில். ஒருவர் போன மாதம்தான் ரத்தம் கொடுத்திருக்கிறார், இப்போது கொடுக்க முடியாது. கடைசி நாற்பதில் ஒன்றுகூட வரவில்லை.

மேசை பளிச்சென்று இருந்தது. நாளிதழ் கசங்கிக் கூடையில் கிடந்தது. பேனா பழையபடி பூட்டப்பட்டு, ஓரமாக, நேராக இருந்தது.

எழுதிப் பார்த்தால் அந்தப் பெயர் வந்துவிடும் என்றார் தேவசகாயம். பேனாவைத் தாளில் வைத்து அழுத்தினார். முனை உள்ளே போனது. மறுபடி அழுத்தினார். போனது. திருகித் திறந்தார். ஸ்பிரிங் இல்லை.

அவர் கூடையைப் பார்த்தார்.

மெஹருன்னிசா போனை அவர் முன்னால் வைத்தாள்.

“ஆஸ்பத்திரிக்காரங்க லைன்ல இருக்காங்க. அந்த ஆளு பேரச் சொல்லுங்க அண்ணாச்சி.”