மெஷின் கை

"எங்கிட்ட இருக்கும்போது தப்பே பண்ணமாட்டா. மேட்ச்ல தோத்துட்டு வாறா. இது என்ன நியாயம் டீச்சர்?"

தூத்துக்குடியில் பிள்ளைகளுக்கு ஷட்டில் சொல்லிக்கொடுக்கும் ஜெசிந்தா டீச்சரிடம் வந்து, முருகவேள் மாஸ்டர் இப்படித்தான் ஆரம்பித்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

மாஸ்டர் கோவில்பட்டிக்காரர். அவரும் ஷட்டில் கோச்தான். டீச்சரைவிட வயதில் நன்றாக மூத்தவர். தன்னைவிடச் சின்னவரிடம் யோசனை கேட்டு பஸ் ஏறி வந்ததில் அவருக்கு எரிச்சல். எரிச்சலில் இருக்கிறவருக்கு வணக்கம் எங்கே ஞாபகம் வரும்?

அவர் பின்னால் ராக்கெட் பையோடு சுபிக்ஷா நின்றாள். எட்டாம் வகுப்பு. போன மாதம் மாவட்டப் போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றவள்.

"உக்காருங்க அண்ணாச்சி. யாருகிட்ட தோத்தா?"

"யாரோ ஒரு புள்ள. ராக்கெட்டப் பிடிக்கவே தெரியல. கண்டபடி அடிக்கா. ஒண்ணு வலையோரம் போடுதா, ஒண்ணு தலைக்கு மேல தூக்குதா. ஒரு ஒழுங்கு கிடையாது."

"ஜெயிச்சிட்டால்லா?"

"அதத்தான கேக்கேன்!"

மாஸ்டர் தண்ணீர் குடித்தார். பிறகு குரல் இறங்கியது.

"ஒவ்வொரு பாயிண்டு போகும்போதும் என் பக்கம் திரும்பி, 'ஸாரி சார், விட்டுட்டேன்'னு சொல்லுதா. நான் அங்கயே வச்சு ஏசிட்டேன். எப்படி விடுவன்னு கேட்டு ஏசிட்டேன்."

"ம்."

"வர்ற ஞாயித்துக்கிழம செலக்சன். அதுலயும் தோத்தா ராக்கெட்டத் தூக்கிப் பரண்ல போட்டுருவேன்னு அவ அப்பா சொல்லிட்டாரு. இவள மாதிரி ஒரு புள்ள எனக்கு இனிமே கிடைக்காது டீச்சர்."

டீச்சர் சுபிக்ஷாவைப் பக்கத்தில் அழைத்தார்.

"மேட்ச்ல உனக்கு என்னம்மா கஷ்டம்?"

சுபிக்ஷா மாஸ்டரைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"அவங்க 'ரெடி' சொல்ல மாட்டக்காங்க டீச்சர்."

கோர்ட்டில் நின்ற பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். மாஸ்டருக்கு மானம் போயிற்று. "எதிர்ல ஆடுறவ எதுக்குட்டி ஒனக்கு ரெடி சொல்லணும்?" என்று கத்தினார்.

டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. "கொஞ்ச நேரம் எங்க பிள்ளைகளப் பாருங்க அண்ணாச்சி" என்றார்.

மாஸ்டர் பார்த்தார். பார்க்கப் பார்க்கத் தலை சுற்றியது.

வலை ஒரு பக்கம் தூக்கியும் மறுபக்கம் தாழ்ந்தும் கிடந்தது. ஒருவன் இடது கையால் ஆடினான். ஒருத்திக்கு இறகு பிய்ந்த ஷட்டில் வந்தது. அதை அவள் தட்டுத்தடுமாறி அடித்ததும், அடுத்ததாகக் கம்பளிப் பூப்பந்து வந்தது. எது வரும், எங்கே வரும் என்று எந்தப் பிள்ளைக்கும் தெரியவில்லை. பாதியை விட்டார்கள். விட்டுவிட்டுச் சிரித்தார்கள். கோவில்பட்டியில் இப்படிச் சிரித்தால் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும்.

ஒரு பையன் எகிறி ஒரு ஸ்மாஷ் அடித்தான். மாஸ்டர் தன்னை மறந்து கைதட்டினார். டீச்சர் அடுத்ததை வலையோரமாக மெல்லத் தட்டிவிட்டார். பையன் ஓடிவந்து குப்புற விழுந்தான்.

மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை.

"டீச்சர்! என்னமா வந்துச்சு! அதையே இன்னும் நாலு தரம் அடிக்க விடக் கூடாதா?"

"அதுதான் வந்துட்டுல்லா அண்ணாச்சி."

இந்தப் பொம்பளை பிள்ளைகளின் கையைக் கெடுத்துக் குட்டிச்சுவராக்குகிறாள் என்று மாஸ்டர் மனசுக்குள் திட்டினார். பஸ் காசு தண்டம் என்றும் நினைத்துக்கொண்டார்.

"இப்ப நம்ம பயிற்சியப் பாருங்க" என்று எழுந்தார்.

வலையை நேராக இழுத்துக் கட்டினார். சுபிக்ஷாவை வலைக்கு அந்தப் பக்கம் நிறுத்தினார். இந்தப் பக்கம் தனக்குப் பின்னால், கோர்ட்டின் மூலையில், தன் துண்டை விரித்தார்.

கோவில்பட்டியில் அவருக்கு மெஷின் மாஸ்டர் என்று பெயர். கையால் அவர் வீசும் ஷட்டில் அதே உயரத்தில், அதே இடத்துக்கு, அதே நிதானத்தில் போய்க்கொண்டே இருக்கும். பிள்ளை பிசகாமல் அடிக்க வேண்டுமென்றால் போடுகிறவன் பிசகக் கூடாது என்பது அவர் கட்சி. அதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

"ரெடி."

சுபிக்ஷாவின் முழங்கால் மடிந்தது. ஷட்டில் போனது. டப். துண்டில் விழுந்தது.

அடுத்தது. டப். துண்டில்.

அடுத்ததும் துண்டில்தான். டீச்சரின் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். இவர்களில் ஒருவருக்கும் இப்படி அடிக்க வராது. அது அவர்களுக்கே தெரிந்தது.

மாஸ்டர் டீச்சரைத் திரும்பிப் பார்த்தார். எப்படி, என்பதுபோல.

டீச்சர் வலையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். தன் துப்பட்டாவை எடுத்துச் சுபிக்ஷாவின் கண்ணை இறுக்கிக் கட்டினார். திரும்பி வந்து மாஸ்டரின் பக்கத்தில் நின்றார்.

"போடுங்க அண்ணாச்சி."

மாஸ்டர் ஆடிப்போனார்.

"என்ன டீச்சர் இது? மூஞ்சில பட்டுரும்!"

"படாது. எப்பவும் போலப் போடுங்க."

"புள்ள பயந்துரும்!"

"எனக்குப் பயமில்ல சார்" என்றாள் சுபிக்ஷா, கண்கட்டோடு.

மாஸ்டருக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் கை பழகிய கை. அது பிசகவில்லை.

"ரெடி."

டப்.

துண்டில் விழுந்தது.

மாஸ்டர் நம்பாமல் இன்னொன்றைப் போட்டார். டப். இன்னொன்று. டப். அதுவும் துண்டில்.

பிள்ளைகள் கத்திக் கைதட்டினார்கள். மாஸ்டருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. கையை நிறுத்தாமலே சத்தம் போட்டார்.

"பாத்தீங்களா டீச்சர்! கண்ணக் கட்டுனாலும் அடிக்கா! இதுக்கு மேல நான் என்னத்தச் சொல்லிக்கொடுக்க? சொல்லுங்க, இவ எப்படித் தோத்தா?"

டீச்சர் அடுத்த ஷட்டிலோடு உயர்ந்த மாஸ்டரின் கையை, மணிக்கட்டில் பிடித்து நிறுத்தினார்.

ஷட்டில் விரலிடுக்கிலேயே இருந்தது.

வலைக்கு அந்தப் பக்கம் சுபிக்ஷா வீசினாள்.

காலை எட்டி வைத்து, தோளைத் திருப்பி, அவர் சொல்லிக்கொடுத்தபடியே வீசினாள். ராக்கெட் வெறும் காற்றைக் கிழித்துக்கொண்டு போனது. பழைய இடத்துக்கு வந்து நின்றாள். எதிரே எதுவும் வரவில்லை. அதே நிதானத்தில் மறுபடியும் வீசினாள். ஒரு குறை சொல்ல முடியாத வீச்சு.

கைதட்டல் நின்றுவிட்டது.

மாஸ்டருக்குப் பகீரென்றது. டீச்சர் கையை விட்ட பிறகும் அவர் கை அப்படியே மேலே நின்றது.

சுபிக்ஷாவின் முகம் வாடியது. கண்கட்டை அவிழ்க்கவில்லை. மாஸ்டர் நிற்கும் பக்கம் திரும்பினாள்.

"ஸாரி சார், விட்டுட்டேன்."