இரும்பு மண்டபத்தில் வெந்த தோசை

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. பேர் கேட்காதீர்கள், சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அதை ஆண்ட மகுடவர்ம ராஜாவுக்குப் புதிதாக எதைப் பார்த்தாலும் உடனே வாங்கியாக வேண்டும். ஒருநாள் கப்பலில் வந்த வணிகன் ஒருவன், முழுக்க இரும்புத் தகட்டாலேயே ஆன மண்டபம் விற்பதாகச் சொன்னான். துண்டு துண்டாக வந்து இறங்குமாம், ஏழே நாளில் பூட்டி நிறுத்திவிடலாமாம். மாதிரிக்கு ஒரு குட்டி மண்டபத்தை அரண்மனை முற்றத்தில் நிறுத்தியும் காட்டினான்.

ராஜா சொக்கிப் போனார். “வாங்கினோம்!” என்றார். எதற்கு என்று அவருக்கே தெரியாது.

அமைச்சர் உத்தண்டராயருக்கு விகடகவி அல்லிமுத்துவைக் கண்டாலே வயிறு எரியும். “மன்னா, இதற்குத் தக்க இடம் அல்லிமுத்துவின் வீடும் தோட்டமும்தான். நாளை மாலையே இடித்துவிடலாம். ஆனால் அவன் வாய் சும்மா இராது. மண்டபத்தைப் பழித்து யார் பேசினாலும் மீசையை மழித்துக் கழுதைமேல் ஏற்றுவதென்று ஆணையிடுங்கள்” என்றார். ராஜாவும் அப்படியே ஆணையிட்டார்.

வீட்டில் அல்லிமுத்துவின் மனைவி செங்கமலம் கண்ணைக் கசக்கினாள். “நான் தண்ணி ஊத்தி வளர்த்த முருங்கை இப்பதான் காய்க்குது. ஊரையே பேசி மடக்குற ஆளு, வாயத் தொறக்க மாட்டீங்களா?”

அல்லிமுத்துவுக்கும் அது கல்யாணமான நாளிலிருந்து இருக்கும் வீடு. ஆனாலும் மீசையைத் தடவிக்கொண்டு சொன்னான்: “நான் வாயத் தொறந்தா இது போயிடும்டி. நீ அழாம ஒரு குண்டான் தோசைமாவு ஆட்டி வை.”

மறுநாள், நல்ல சித்திரை மாதம். சபையில் அல்லிமுத்து கைகூப்பினான். “மன்னா, ஆகா, என்ன மண்டபம்! தங்கள் திருவடி முதலில் படவேண்டாமா? உச்சிவேளையில் அருமையான முகூர்த்தம் இருக்கிறது. அமைச்சர் பெருமானும் உடன் அமரட்டும்.”

பட்டும் கிரீடமும் பொற்கவசமுமாக ராஜா முற்றத்துக் குட்டி மண்டபத்துக்குள் போனார். அமைச்சரும் உடம்பை ஒடுக்கிக்கொண்டு நுழைந்தார். கதவு சாத்தப்பட்டது.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ராஜாவின் குரல். “அல்லிமுத்து, சன்னல் எங்கே?”

“சன்னலுக்குத் தனி விலை, மன்னா” என்றான் வெளியே நின்ற வணிகன்.

“பட்டத்து யானை இதில் நுழையுமா?”

“எதற்காக வாங்குகிறீர்கள் என்று கேட்டேனே, மன்னா. அமைச்சர் சொல்லவே இல்லையே!”

அப்போது கூரைமேல் ‘சொய்ங்’ என்று ஒரு சத்தம்.

“அது என்ன?”

“தோசை, மன்னா. மூன்றாவது.” ஏணியில் நின்ற செங்கமலம் நான்காவதை ஊற்றினாள். “மழைச் சத்தத்தையும் கேட்டு மகிழுங்கள்” என்று அல்லிமுத்து ஒரு கூடை கொட்டைப்பாக்கைக் கூரையில் கவிழ்த்தான். தடதடவென்று இடி விழுந்த மாதிரி இருந்தது.

“ஐயோ! இது மண்டபமா, அடுப்பா? திற கதவை!” என்று ராஜா பாய்ந்து வெளியே வந்தார்.

எதிரே கத்தியோடு நாவிதர் பணிவாக நின்றார். பின்னால் மாலை போட்ட கழுதை.

“மன்னருக்கு ஆணை பொருந்தாது!” என்று அலறினார் அமைச்சர்.

“‘யார் பேசினாலும்’ என்பது தங்கள் வாக்குத்தானே, அமைச்சர் பெருமானே?” என்றான் அல்லிமுத்து.

ராஜா மீசையைத் தொட்டுப் பார்த்தார், கழுதையைப் பார்த்தார், சிரிக்க ஆரம்பித்தார். கிரீடம் உருண்டு ஓடும்வரை சிரித்தார். “ஆணையை விலக்கினேன், அப்பா! இனி நீ பேசு!”

ஒருநாள் முழுக்க அடக்கிவைத்த வாயல்லவா! “மன்னா, எதற்கு வேண்டும், எந்த இடம், எவ்வளவு பெரிது, வெயிலுக்கும் மழைக்கும் என்ன வழி, துருப்பிடித்தால் யார் பார்ப்பது, விலையில் என்னென்ன அடக்கம், இவ்வளவையும் கேட்டு வாங்கினால் இது நல்ல மண்டபம். கேட்காமல் வாங்கினால் தோசைக்கல்.”

“நானும் அதையே சொல்வேன், யாரும் கேட்பதில்லை” என்றான் வணிகன்.

அல்லிமுத்துவின் வீடு என்றென்றைக்கும் அவனுடையதே என்று ராஜா செப்பேடு எழுதித் தந்தார், பொற்கிழியும் கொடுத்தார். குட்டி மண்டபம் உத்தண்டராயருக்கு. அந்தச் சித்திரை முழுக்க அவர் அதற்குள் உட்கார்ந்துதான் அலுவல் பார்த்தார். கூரையில் செங்கமலம் முருங்கைக்கீரை அடை ஊற்ற, ராஜா கீழே தட்டோடு நின்று, “அமைச்சரே, சற்று நகராமல் இரும், ஒருபக்கம் இன்னும் வேகவில்லை!” என்று விழுந்து விழுந்து சிரித்தார்.