பொட்டு வைத்த பூதக்கண்ணாடி

மருதங்கோட்டையில் கோதண்டராசா என்று ஒரு அரசர் இருந்தாராம். நல்ல மனுஷர்தான். என்ன, வாயிலிருந்து ஒரு உத்தரவு வந்துவிட்டால் அதைத் திரும்ப விழுங்கத் தெரியாதவர்.

பிள்ளைகள் அறிவியல் படிக்கட்டும் என்று, அரண்மனைப் பள்ளிக்கூடத்துக்குக் கப்பலில் சாமான் வரவழைத்தார். பூதக்கண்ணாடி, காந்தம், தராசு என்று கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அலமாரி நிறைய. சாவி பண்டசாலை அதிகாரி சபாரத்தினத்தின் இடுப்பில். ஆயுதபூஜை அன்று அவர் அலமாரியைத் திறந்தார். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தார். பூட்டினார். அவ்வளவுதான், மூன்று வருடம் ஓடிவிட்டது! கேட்டால், "பூஜையில் வைத்ததைத் தொடலாமா?" என்பார்.

பாடம் சொல்லித்தரும் மங்கையர்க்கரசி அம்மாள் என்ன செய்வார், பாவம்? அரண்மனைச் சமையற்கட்டில் ஒரு கண்ணாடிக் குவளையை இரவல் வாங்கினார். அதன் அடியில் துணியைத் திணித்து, தலைகீழாகத் தண்ணீருக்குள் அமுக்கச் சொன்னார். எடுத்துப் பார்த்தால் துணி நனையவே இல்லை.

"அம்மா! உள்ளே காற்று உட்கார்ந்திருக்கு!" என்று பிள்ளைகள் குதித்தார்கள். குதித்த குதியில் அம்மாள் கையிலிருந்த குவளை விழுந்து உடைந்தது. அது அரசர் மோர் குடிக்கும் குவளை.

சபாரத்தினம் விடுவாரா? அரசரையே கையோடு கூட்டிவந்துவிட்டார்.

"பாருங்கள் அரசே, என் பொறுப்பில் ஒரு கீறல் உண்டா? அந்த அம்மாள் பொறுப்பில் உங்கள் குவளையே போச்சு!"

பூட்டிய அலமாரி முன்னால் பிள்ளைகளை நிறுத்திச் சொல்ல வைத்தார். "இது பூதக்கண்ணாடி. சிறியதைப் பெரிதாகக் காட்டும்."

அரசர் நெகிழ்ந்துபோனார். "பொருளைப் பேணுவது என்றால் இதுவல்லவா! கேளுங்கள். அரசாங்கப் பொருளை உடைத்தவர் யாராயிருந்தாலும் நாளை அந்திக்குள் ஊரைவிட்டுப் போகவேண்டும்."

மங்கையர்க்கரசி அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அரசர் பக்கத்தில் நின்ற ஏகாம்பரத்திடம் திரும்பினார். சொன்னதைச் சொன்னபடி செய்வதில் சபையிலேயே பேர்போன ஆள் அவர்.

"ஏகாம்பரம், சமையற்கட்டு இனி உன் பொறுப்பு. இங்கே இருக்கிற மாதிரியே அங்கேயும் இருக்கணும்."

"அப்படியே அரசே."

மறுநாள் மதியம். அரசர் இலை முன்னால் உட்கார்ந்தார். இலை காலி. எதிரே கண்ணாடிக் கதவு போட்டுப் பூட்டிய ஓர் அலமாரி. உள்ளே பாத்திரங்கள் வரிசையாக, சந்தனமும் குங்குமமுமாகப் பளபளத்தன. ஏகாம்பரம் கைகட்டி நின்றார்; சற்றுத் தள்ளிச் சபாரத்தினமும் நின்றார்.

"என்னய்யா இது? சோறு எங்கே?"

"உள்ளேதான் அரசே. என்னோடு சேர்ந்து சொல்லுங்கள். இது சாம்பார்ப் பாத்திரம். சூடாக இருக்கும்."

"ஏகாம்பரம்!"

"இது அப்பளத் தட்டு. நொறுநொறு என்றிருக்கும்."

"யோவ், பசிக்குதய்யா!"

"பூஜையில் வைத்ததைத் தொடலாமா அரசே?"

"பூஜை எப்போது முடியும்?"

"பள்ளிக்கூடத்தில் மூன்று வருடமாக முடியவில்லை."

"சாவியை எடு!"

"எந்த அலமாரிச் சாவியை அரசே?"

அரசர் மெல்லத் திரும்பிச் சபாரத்தினத்தைப் பார்த்தார். சபாரத்தினம் தன் இடுப்பைப் பொத்திக்கொண்டார்.

"இரண்டையும்!" என்றார் அரசர்.

வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, ஏகாம்பரத்தையும் கூட்டிக்கொண்டு அரசர் நேரே பள்ளிக்கூடம் போனார். அலமாரி திறந்தது. மங்கையர்க்கரசி அம்மாள் பூதக்கண்ணாடியின் குங்குமத்தை முந்தானையால் துடைத்தார். முற்றத்து வெயிலில், தேங்காய் நாருக்கு மேலே பிடித்தார். நார் புகைந்தது. பிள்ளைகள் "ஓ!" என்றார்கள்.

"எங்கே, நான், நான்!" என்று அரசர் வாங்கிக்கொண்டு, வேட்டியை மடித்துத் தரையிலேயே குந்திவிட்டார். அசைத்தார், தூக்கினார், தாழ்த்தினார். புகை வந்தது. பொறியும் வந்தது!

"வந்துடுச்சு!" என்று அரசர் குதித்தார். குதித்த குதியில் கண்ணாடி கல்லில் விழுந்து தூளானது.

சூரியன் மேற்கே சாய்ந்துகொண்டிருந்தது.

ஏகாம்பரம் தொண்டையைச் செருமினார்.

"அம்மா, அந்திக்குள் தனியாக எப்படி ஊரைவிட்டுப் போவது என்று கலங்கினீர்களே. கவலையை விடுங்கள். துணைக்கு அரசரும் வருகிறார்."

முதலில் சிரித்தது அரசர்தான். பிறகு முற்றமே சிரித்தது. அலமாரிக்கு இனி பூட்டே கிடையாது என்று சொல்லி, சபாரத்தினத்தின் சாவியை ஏகாம்பரத்துக்கே பரிசாகக் கொடுத்தார்.

அன்றைக்குத்தான் கோதண்டராசா தன் உத்தரவை முதல்முறையாக விழுங்கினாராம். மோரோடு சேர்த்து, மண் குவளையில்.