தொட்டில் துணியில் ஒரு சாண்

நெசவாளர் சங்கத் தலைவர் ஏகாம்பரத்துக்கு ஒரு மேடை கிடைத்துவிட்டால் போதும். "எங்க தறிக்கூடத்துச் சேலையில எது யார் கைன்னு எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது!" என்று மார்தட்டுவார்.

ஒருமுறை அந்தக் கூடத்தில் நெய்கிற நாகம்மாள் சேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் பிரசவத்துக்குப் போனாள். தறி சும்மா கிடந்தால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவது சங்க வழக்கம். அதனால் கூடத்துப் பெண்கள் ஆளுக்கொரு முழம் நெய்து சேலையை முடித்துவிட்டார்கள். விஷயம் எப்படியோ தலைவர் காதுக்குப் போய்விட்டது. வந்து குதி குதியென்று குதித்தார்.

"மத்தவங்க நெய்ததை எல்லாம் வெட்டி எறிங்க! நாகம்மா நெய்த துணி மட்டும்தான் என் கைக்கு வரணும்!"

எல்லோருக்கும் நூல் சுற்றிக் கொடுக்கிற பூங்காவனம், கத்தரிக்கோலோடு வந்து நின்றாள்.

"வெட்டிடறேங்க. எங்கேன்னு மட்டும் விரலை வையுங்க."

தலைவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். முந்தானை வரைக்கும் தடவித் தடவிப் பார்த்தார். விரல் எங்கேயும் நிற்கவில்லை.

"அப்ப மேடையில நீங்க சொல்றது நிசந்தானுங்க," என்றாள் பூங்காவனம்.

கூடமே சிரித்தது. தலைவருக்கும் அடக்க முடியவில்லை.

"சரி, தறி நாகம்மாவுக்கே இருக்கட்டும். குழந்தைக்குத் தொட்டில் துணி இருக்கா?"

"ஆளுக்கொரு சாண் நெய்துகிட்டிருக்கோம். உங்களுக்கும் ஒரு சாண் விட்டு வச்சிருக்கோம்."

ரொம்ப வருடம் கழித்துத் தலைவர் தறியில் உட்கார்ந்தார்.

அந்தத் துணியில் அவர் நெய்த சாண் எது என்று, அதில் படுத்திருந்த பச்சைக் குழந்தைகூடச் சொல்லிவிடும்.